கடைசி வரி வராத பக்கம்

எங்கள் ஊரில் அதற்குச் ‘சுத்துற பக்கம்’ என்று பெயர். நான் வைத்த பெயர் வேறு. பஞ்சாயத்தார் கூட்டத்தில் எழுந்து நின்று அழகாக ஒரு பெயரைச் சொல்லி, திரையின் உச்சியில் நீல எழுத்தில் போட்டும் வைத்தேன். ஒருவரும் அதைச் சீந்தவில்லை. போனில் திறந்தால் மேலே ஒரு சின்ன வட்டம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் சுத்துற பக்கம். போகட்டும், எந்தப் பெயரிலாவது பார்த்தார்களே என்று விட்டுவிட்டேன்.

மற்ற வலைப்பக்கங்கள் வந்து இறங்கி முடிந்துவிடும். இது முடியாது. காலையில் ஒருமுறை திறந்து வைத்தால் போதும். கடலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாக முகத்துவாரத்தைத் தாண்டி உள்ளே வரவர, அடியில் ஒவ்வொரு வரியாகச் சேரும். சர்வர் அந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டே இருக்கும், போன் வாங்கிக்கொண்டே இருக்கும். கடைசிப் படகும் வந்த பிறகுதான் பக்கம் மூடும். வட்டம் சுற்றுகிறவரை பக்கத்துக்கு உயிர் இருக்கிறது என்பதை ஊர்ப் பெண்கள் ஒரே வாரத்தில் புரிந்துகொண்டார்கள். வட்டம் நின்றால்தான் எனக்குப் போன் போடுவார்கள்.

நான் கடலூரை ஒட்டிய அந்த மீனவக் கிராமத்திலேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சிதம்பரத்தில் மேலவீதிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாண மண்டபத்துக்கு, நர்சரிப் பள்ளிக்கு, உரக்கடைக்கு என்று வலைத்தளம் செய்து கொடுப்பது எங்கள் பிழைப்பு. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். என் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். விடிவதற்கு முன் அவர் கிளம்பிப் போவார், விடிந்ததும் நான் கிளம்பிப் போவேன். அவர் கரையேறும் நேரத்தில் நான் உரக்கடைக்காரரோடு எந்தப் பச்சை நல்ல பச்சை என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தப் பக்கத்தை நான் எழுதியது ஊருக்குச் சேவை செய்ய அல்ல. என் மாமியாருக்காக. அத்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. மகன் படகு முகத்துவாரத்துக்குள் வந்துவிட்டது என்று தெரியாமல் உலை வைக்க மாட்டார். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். எனக்கு அது எரிச்சலாக வரும். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகும் வீட்டில் ஒரு பருக்கை சோறு இருக்காது. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "நீ போம்மா ஆபீஸுக்கு, என் அடுப்ப நான் பாத்துக்கறேன்" என்பதோடு சரி.

கரையில் பஞ்சாயத்தார் நடத்தும் வயர்லெஸ் ரூம் ஒன்று இருக்கிறது. அதில் உட்காருகிறவர் எனக்கு உறவில் மாமா முறை. படகுக்காரர்கள் முகத்துவாரத்துக்கு வந்ததும் கைக்கருவியில் அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே வருவார்கள். முன்பெல்லாம் ஊர்ப் பெண்கள் மொத்தப் பேரும் அவருக்குப் போன் அடித்து, "வந்துட்டுதா, வந்துட்டுதா" என்று கேட்டு அவர் உயிரை எடுப்பார்கள். அந்த மாமாவிடம் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்து, வந்த படகை மட்டும் ஒரு தட்டுத் தட்டச் சொன்னேன். ஒற்றை விரலால் தட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் நான்தான் அவருக்குக் கடன்பட்டவள் என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார். ஆனாலும் தட்டினார்.

எங்கள் பெண்கள் படகைப் பேரை வைத்துப் பார்க்க மாட்டார்கள், நிறத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு குட்டிப் படகை வரைந்து, அதற்கு உரிய கோடும் நிறமும் கொடுத்திருந்தேன். எங்கள் வீட்டுப் படகு மஞ்சளில் இரண்டு சிவப்புக் கோடு. என் தம்பி படகு முழுப் பச்சை. பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அந்தக் குட்டிப் படகை வரைவதற்கான கட்டளை இருக்கிறதே, அது ஒரு முழ நீளம். படகுக்குப் படகு அதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். ஊரில் இருக்கும் படகு அத்தனையும் சேர்ந்தால் பக்கம் கனத்துவிடும். கரையில் சிக்னல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "திறக்கறதுக்குள்ள படகே வந்துடுதும்மா" என்று ஏலக்கூடத்தில் ஒரு அக்கா என்னைக் கேலி செய்தார்.

எங்கள் அலுவலகத்தை நடத்தும் சாரிடம் சொன்னேன். அவருடைய சர்வரில்தான் ஓசியில் இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சார் கீரப்பாளையத்துக்காரர். நல்ல மனுஷன், நெல் காயப் போட்டிருக்கும் நாள்களில் மட்டும் கொஞ்சம் சிடுசிடுப்பார். "கம்ப்ரெஷன் போடலையாம்மா நீ? பொடவைய மடிக்காம பையில திணிச்சா எடம் பத்துமா?" என்றார். சர்வர் பக்கத்தை எழுதியதும் அப்படியே அனுப்பாமல் சுருக்கி அனுப்பும், போன் அதை வாங்கி விரித்துக் காட்டும். திரும்பத் திரும்ப வருவது எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நன்றாகச் சுருங்கும். என் பக்கத்தில் திரும்பத் திரும்ப வருவதைத் தவிர வேறென்ன இருந்தது? சார் அவரே உட்கார்ந்து ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். நான் அலுவலகத்தில் திறந்து பார்த்தேன். முந்தின நாள் பக்கம், எல்லாப் படகும் வந்து முடிந்தது, கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. கனம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

ஊரிலும் பாராட்டுத்தான். கேலி செய்த அக்காவே, "இப்ப சல்லுனு வருது" என்றார். நாலைந்து வரிகள் மொத்தமாக வந்து குதிக்கின்றன என்று யாரோ சொன்னார்கள். படகுகளும் நாலைந்தாகத்தானே வருகின்றன என்று நான் நினைத்துக்கொண்டேன். காற்றில்லாத நாள்கள் அவை. ஒரு படகுக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று வந்துகொண்டே இருக்கும். எந்த வரி எப்போது வந்தது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

அப்புறம் அந்த நாள் வந்தது. மழைக்காலம் தொடங்கியிருந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை, அதனால் எல்லோரும் தொழிலுக்குப் போயிருந்தார்கள். நான் சிதம்பரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே வாடைக் காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. இங்கேயே இப்படி இருந்தால் கடலில் எப்படி இருக்கும் என்று மனசு கேட்டது. அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாகப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். வரிகள் வந்தன. காற்றைப் பார்த்து எல்லோரும் வலையைச் சீக்கிரமாக வாரிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். தம்பி படகு, பச்சை, வந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு கூட்டம் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மஞ்சள் வரவில்லை.

அவருடைய போனுக்கு அடித்தேன். அத்தை எடுத்தார். கடலுக்குப் போகும்போது அவர் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன். "இன்னும் காணமேம்மா. நான் அரிசி களைஞ்சி வச்சிட்டு அதையேதான் பாத்துக்கினு இருக்கேன்" என்றார் அத்தை. கையில் ஒரு போனில் என் குரல், இன்னொரு போனில் என் பக்கம். "வந்துடும் அத்தை" என்று சொல்லி வைத்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பக்கத்தை மூடித் திறந்தேன். அதே வரிகள், அதே இடத்தில் நின்றன. வேறு கம்ப்யூட்டரில் திறந்தேன். அதேதான். வயர்லெஸ் மாமாவுக்கு அடித்தால் பிசி, பிசி, பிசி. பக்கம் வந்த பிறகு அவருடைய போன் அப்படி ஒருநாளும் பிசியாக இருந்ததில்லை. ஊரே எதற்கு அவரைக் கூப்பிடுகிறது? என்ன ஆகியிருக்கும்?

கடைசியில் எடுத்தார். "மாமா, எங்க வூட்டுப் படகு?"

"அதுவா, அது வந்து எவ்ளோ நேரமாச்சு."

"இல்ல மாமா, இங்க வரலையே."

"நான் தட்டிட்டேம்மா. என் பொட்டியில இருக்குதே. மஞ்சள், ரெண்டு செவப்புக் கோடு. கண்ணு முன்னாடி இருக்குது."

"பின்ன ஏன் பக்கத்துல காட்டல?"

"அத என்னக் கேட்டா? நீதான எழுதுன? ஒண்ணும் இல்லம்மா, நீ பயப்படாத."

அவர் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எங்கள் ஊரில் கெட்ட சேதியை யாரும் போனில் சொல்ல மாட்டார்கள். அதிலும் வெளியூரில் இருக்கும் பெண்ணுக்கு நிச்சயமாகச் சொல்ல மாட்டார்கள். ஒண்ணும் இல்லை என்பார்கள். நான் காலேஜில் படிக்கும்போது என் சித்தப்பா கடலோடு போனார். எனக்கு வந்த போனில், "ஒண்ணும் இல்ல, சும்மா ஒரு நடை வந்துட்டுப் போ" என்றுதான் சொன்னார்கள். நானும் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு போய் இறங்கினேன். அன்றிலிருந்து ஒண்ணும் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

"பொய் சொல்லாதீங்க மாமா" என்றேன்.

"நான் எதுக்கும்மா பொய் சொல்றேன்?"

"அவர கூப்புடுங்க. அவரு பேசட்டும்."

"இங்க எங்க இருக்கான்? வலைய எறக்கிட்டு ஐஸ் வாங்கப் போயிருப்பான். வந்தா பேசச் சொல்றேன்."

இதுவும் அப்படித்தான். ஆளைக் கேட்டால் எப்போதும் ஐஸ் வாங்கத்தான் போயிருப்பார், டீ குடிக்கத்தான் போயிருப்பார். ஒரு பக்கம் மாமா வந்துவிட்டது என்கிறார், இன்னொரு பக்கம் நான் என் கையால் எழுதிய பக்கம் வரவில்லை என்கிறது. மனுஷர்களுக்குப் பொய் சொல்லக் காரணம் இருக்கிறது, பக்கத்துக்கு என்ன காரணம் இருக்க முடியும்? மாமா தட்டியது அவர் திரையில் இருக்குமானால் சர்வரில் இருக்கும். சர்வரில் இருந்தால் பக்கத்தில் வரும். நடுவில் ஒளிந்துகொள்ள இடம் ஏது? எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் மாமா பொய் சொல்கிறார் என்றுதான் கணக்கு வந்தது. சாரிடம் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் தம்பி பெண்டாட்டியிடமிருந்து போன் வந்தது. அவர்கள் குடியிருப்பது உப்பனாற்றுக்கு அக்கரையில். தம்பி அந்தப் பக்கம்தான் படகைக் கட்டுவான்.

"அண்ணி, உங்க தம்பி திரும்பப் போய்ட்டாரு."

"எங்கடி போனான்?"

"கடலுக்குத்தான். மச்சான் படகு இன்னும் வரலன்னு அதையே பாத்துக்கினு இருந்தாரு. வயர்லெஸ்ஸுக்குப் போன் போட்டா கெடைக்கவே இல்ல. நான் போயி பாத்துட்டு வரேன்னு தனியாவே தள்ளிக்கினு போய்ட்டாரு. நான் சொல்லச் சொல்லக் கேக்கல அண்ணி. கருவியகூட எடுத்துக்கினு போவல."

எங்கள் முகத்துவாரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாய் முழுக்க மணல் மேடு. காற்றடிக்கும்போது அந்த மேட்டின்மேல் அலை ஏறி ஏறி உடையும். உள்ளே வருகிறவர்களே நேரம் பார்த்துத்தான் வருவார்கள். அந்த நேரத்தில் வெளியே போகிறவன் கிறுக்கனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அக்காள் புருஷனைத் தேடுகிறவனாக இருக்க வேண்டும். நான் அவளை என்னென்னவோ திட்டினேன். பாவம், அவள் என்ன செய்வாள்? போனை வைத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் எழுந்துபோய்ப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

முட்லூர் தாண்டியதும் தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து போன் வந்தது.

"நான்தான். எதுக்கு அந்த மனுசன்கிட்ட கத்துனியாம்?"

அவர்தான், என் வீட்டுக்காரர். என் வாயில் தப்பான வார்த்தைதான் வந்தது. "நெஜமா நீங்கதானா?" என்று கேட்டேன்.

"இல்ல, என் ஆவி. ஐஸ் வாங்கப் போனேன்டி. எப்பவோ வந்துட்டேன். பச்சைக்கு அப்புறம் ஒரு கூட்டம் வந்துதே, அதுக்கு ரெண்டு மூணு படகு தள்ளி நான்தான் வந்தேன்."

அப்படியென்றால் மாமா சொன்னது நிஜம். பக்கம் சொன்னது பொய். நான் எழுதிய பக்கம் ஏன் பொய் சொல்ல வேண்டும்? அதை யோசிக்க நேரமில்லை. தம்பி கடலுக்குப் போனதைச் சொன்னேன். "சரி, நான் போயி இட்டுக்கினு வரேன்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வந்தவரைத் தேடி ஒருவன் போயிருக்கிறான். போனவனைத் தேடி இவர் போவாராம். அப்புறம் இவரைத் தேட யார் போவது, நானா? "நீங்க கரைய வுட்டு ஒரு அடி எடுத்து வச்சீங்கன்னா நான் இந்த பஸ்ஸுலேர்ந்து குதிச்சிடுவேன்" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நாலைந்து பேராகப் பெரிய படகில் போவது பற்றிப் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தார்.

நான் கையில் போனை வைத்துக்கொண்டு பக்கத்தையே வெறித்துப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது? அதை இனி நம்ப முடியாது என்று தெரிகிறது, ஆனால் கண் அங்கேதான் போகிறது. சிதம்பரம் கோபுரத்தை மறைக்கும் அளவுக்கு மழை மேகம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. புதுச்சத்திரம் நெருங்கும்போது திரை ஒரு தடவை துள்ளியது. ஒரே மூச்சில் ஒரு கூட்டமாக வரிகள் வந்து விழுந்தன. முதலில் எங்கள் ஊர்ப் படகுகள் இரண்டு, அடுத்து மஞ்சள், இரண்டு சிவப்புக் கோடு, அதற்குப் பின்னால் இன்னும் சில, அவற்றுக்கும் பின்னால் நான் பார்த்தே இராத நிறங்கள். காற்றுக்குப் பயந்து வேற்றூர்ப் படகுகளும் எங்கள் முகத்துவாரத்துக்குள் ஒதுங்க வந்திருக்கின்றன. மாமா விடாமல் அவற்றையும் தட்டியிருக்கிறார்.

மஞ்சள் வரியின் ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். நான் அலுவலகத்தில் இருந்து அத்தைக்குப் போன் போட்டதற்கும் முந்தின நேரம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வரி அப்போதே எழுதப்பட்டுவிட்டது. இத்தனை நேரம் அது எங்கே இருந்தது? பின்னால் வேற்றூர்ப் படகுகள் வராமல் போயிருந்தால் அது எப்போது வந்திருக்கும்? அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் நாலைந்தாகக் குதித்து வருகிறது என்று ஊரில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. அது ஆரம்பித்தது எப்போதிலிருந்து என்பதும் நினைவுக்கு வந்தது.

சாருக்கு அடித்தேன். "சார், அன்னிக்கு நீங்க போட்டீங்களே ஒரு வரி, கம்ப்ரெஷன், அத எடுங்க."

"ஏம்மா, நல்லாத்தான ஓடுது?"

"எடுங்க சார்."

"அதுக்கும் படகுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"எனக்குத் தெரியல சார். சத்தியமா தெரியல. மொதல்ல எடுங்க."

அவரும் குழம்பித்தான் போயிருப்பார். ஆனாலும் எடுத்தார். எடுத்துவிட்டு, "ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், பாரு" என்று செய்தி அனுப்பினார்.

என்ன நடந்தது என்பது எனக்கு முழுசாக விளங்க ஒரு வாரம் ஆனது. ஏலக்கூடத்தில் மீன்பெட்டி கட்டுகிறவர்களைப் பார்த்திருந்தால் அப்போதே விளங்கியிருக்கும். பெட்டி நிறையாமல் அவர்கள் மூடி போட்டு வண்டியில் ஏற்ற மாட்டார்கள். கம்ப்ரெஷனும் அப்படித்தான். வருவதை வாங்கி அமுக்கி வைத்துக்கொண்டு, போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் வெளியே விடும். சாதாரணப் பக்கம் என்றால் பக்கம் முடிந்ததும் மிச்சத்தைத் துடைத்து அனுப்பிவிடும். என் பக்கம்தான் முடியாத பக்கமாயிற்றே. அதிலும் அந்தக் குட்டிப் படகுகள் அவ்வளவு நன்றாகச் சுருங்கின. பெட்டி நிறைவதற்கு வெகு நேரம் ஆனது. நன்றாகச் சுருங்கச் சுருங்கத் தாமதம் கூடும். பின்னால் வருகிற படகுதான் முன்னால் வந்ததைத் தள்ளி விட வேண்டும். கடைசியில் வருகிறவர்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? காற்றில்லாத நாளில் எல்லோருக்கும் பின்னால் ஆள் இருந்ததால் எங்களுக்குத் தெரியாமல் போனது. இப்போதும் சுருக்கித்தான் அனுப்புகிறோம், ஆனால் ஒவ்வொரு வரி எழுதியதும் பெட்டி அரைகுறையாக இருந்தாலும் மூடி அனுப்பிவிடு என்று ஒரு கட்டளை சேர்த்திருக்கிறேன். முன்னளவுக்குச் சல்லென்று வருவதில்லை. அந்த அக்கா மறுபடியும் கேலி செய்கிறார், செய்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்குப் பஸ்ஸில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆலப்பாக்கத்தில் சிக்னல் போய்விட்டது. வட்டம் சுற்றியது, பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. பஸ்ஸை இறங்கித் தள்ளலாமா என்று இருந்தது. ரசாயனத் தொழிற்சாலைகள் இருக்கும் குடிகாடு வந்ததை எப்போதும்போல மூக்கு சொன்னது, எல்லோரும் ஜன்னலை இழுத்துச் சாத்தினார்கள், அப்போது பக்கம் வந்தது. முதலிலிருந்து ஒவ்வொரு படகாக, நிதானமாக, பழைய கனத்தோடு இறங்கியது. நான் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே போனேன். மஞ்சள் வந்தது. வேற்றூர்ப் படகுகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், கடைசியாக, ஒரு பச்சை வந்தது. தம்பி படகு இரண்டாவது தடவையாக வந்திருந்தது.

அதன் ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். நான் சாரிடம் போனில் மன்றாடிக்கொண்டிருந்த நேரம். நான் அதற்குப் பிறகு பட்ட பயமெல்லாம் கரையேறிவிட்டவனுக்காகப் பட்டது.

பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆட்டோ பிடித்து, கரைக்குப் போனேன். வயர்லெஸ் ரூம் வாசலில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். மாமா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் வாயத் தொறந்து சொல்றேன், நம்பல. அது சும்மா சுத்திக்கினு கெடக்குது, அத நம்புது" என்று யாரிடமோ சொல்வதுபோலக் காற்றிடம் சொன்னார். நியாயம்தான். என் வீட்டுக்காரர் கையில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. தம்பி தலையிலிருந்து கால்வரை நனைந்து, உதடு வெளுத்து, கையில் டீ கிளாஸோடு நின்றான். மேட்டின்மேல் அலை படகை ஒரு தடவை சாய்த்து வைத்ததாம். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. வெளியே கொஞ்ச தூரம் தேடிவிட்டு, ஒதுங்க வந்துகொண்டிருந்த வேற்றூர்ப் படகுக்காரர் கருவியில் மாமாவிடம் கேட்டுச் சொன்ன பிறகுதான் திரும்பியிருக்கிறான். இவன் உள்ளே வந்ததையும் அவரேதான் மாமாவிடம் சொன்னாராம்.

நான் நேராகப் போய் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். டீ சிந்தியது.

"அறிவிருக்காடா உனக்கு? ரெண்டு கொழந்த இருக்குது வூட்டுல. கருவிகூட இல்லாம எவனாவது அந்தக் காத்துல போவானா? மாமா போனு கெடைக்கலன்னா எனக்குப் போடறதுதான? அக்கா, இது சரியா காட்டுதான்னு ஒரு வார்த்த என்னக் கேக்கறதுக்கு என்னடா உனக்கு?"

அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. அவனுக்கு என் கேள்விதான் விளங்கவில்லை.

"என்னத்தக்கா கேக்கறது? நீ எழுதுனதாச்சே" என்றான்.

மறுபடி ஓங்கிய கையை இறக்கினேன். அத்தைக்குப் போன் போட்டு, இரண்டு பேரையும் என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன் என்று சொல்லி, உலை வைக்கச் சொன்னேன்.